நைட் ஹால்ட்

இருபதாவது கொண்டை ஊசி வளைவில்
காது அடைத்துத் திறக்கும்.
ஒண்டிக்கடையில் முக்கால் பஸ் காலி.
தேக்கம்பாறையில் கடைசியாக ஓர் அம்மாள்
பலாப்பழத்தை முதலில் இறக்கி
பிறகு தன்னை இறக்கிக்கொண்டு
தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறாள்.
ஒரு நாளைக்கு அவ்வளவு உறவு போதும் எனக்கு.

காலை ஐந்தே முக்காலிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.
உள்ள போ. படியில நிக்காத. சில்லறை குடு.
அடிவாரம் யாரு, அஸ்தம்பட்டி எறங்கு.
எண்ணினால் இருபது சொல் தேறாது.
அதையே ஆயிரம் தடவை.
தொண்டை வலிப்பதில்லை.
வலிப்பது வேறெங்கோ,
சட்டைப்பைக்கும் விலா எலும்புக்கும் நடுவில்.

விசிலைக் கழற்றி
டிக்கெட் மிஷின் மேல் வைப்பேன், முதல் வேலையாக.
அப்புறம் காசு.
ஐந்து தனி, இரண்டு தனி,
ஊரே வாங்க மறுக்கும் பத்து ரூபாய் நாணயங்கள்
துண்டில் முடிந்து தனி.
எண்ணும்போது உதடு அசையும், சத்தம் வராது.
அன்றைக்கு முதல்முறையாக
என் வாய் எனக்காக வேலை செய்யும்.

தொட்டித் தண்ணீரில் முகம். பல் கூசும்.

எட்டு மணிக்கு
தாதகாப்பட்டியிலிருந்து வசந்தாமணி கூப்பிடுவாள்.
சாப்பிட்டாச்சா.
ம்.
அதன்பின் போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு
அவள் பாட்டுக்கு வேலை பார்ப்பாள்.
கரண்டி, குழாய், பல்லியின் உச்சு,
குக்கரில் மூன்று விசில்.
அந்த விசிலுக்கு
எந்த வண்டியும் கிளம்ப வேண்டியதில்லை.

இவனுக்கு என்னமோ கவலை என்பார்கள் டிப்போவில்.
மூடிவைத்த சட்டி
காலிச் சட்டி என்று யார் சொன்னது.

கடைசி சீட்டில் காலை நீட்டி
ஜன்னல் கண்ணாடியை மேலே தள்ளினால்
கீழே சேலம்.
ஜங்ஷன் ஒரு நீளக் கோடு,
ஐந்து ரோடு ஒரு முடிச்சு,
ஸ்டீல் பிளான்ட் பக்கம் மஞ்சளாய் ஒரு கலங்கல்.
பகலெல்லாம் என் காலை மிதித்த ஊர்,
மீதி எட்டணாவுக்குச் சண்டை போட்ட ஊர்.
இந்தத் தூரத்தில்
எனக்கு எல்லாரையும் பிடிக்கும்.

டிரைவர் அர்த்தநாரி அப்படி இல்லை.
இருபது வளைவுக்கும் இருபது கதை.
மச்சான் வாங்கிய போர்வெல் வண்டி,
திருச்செங்கோட்டில் தோற்ற தேர்தல்,
கியர் பாக்ஸுக்கு வந்த சளி.
எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத மனுசர்.

போன வாரம் பேத்திக்குக் காதுகுத்து என்று லீவு.
மாற்று டிரைவர் சின்னப் பையன், தங்கமானவன்.
ஒரே திருப்பு, ஒரே பிரேக்,
வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டான்.
என் ஜன்னலுக்கு வெளியே
தண்ணீர்த் தொட்டியின் சுவர்.
காரை உதிர்ந்த இடத்தில் ஒரு மரவட்டை.
ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்
உறைத்தது.

இரண்டு வருஷமாக
அந்தக் குறுகல் இடத்தில், காபிச் செடி ஒடிய,
முன்னே பின்னே நாலு தடவை போய் வந்து
வண்டியை விளிம்புக்கு ஒட்டி நிறுத்துவார் அர்த்தநாரி.
காலையில் கிளம்ப வசதி என்று நினைத்து
நானும் பின்னால் நின்று
வரலாம், வரலாம் என்று ஊதியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்லுகிற மனுசர்
இதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை திரும்பி வந்தார்.
செவ்வாய்பேட்டையில் தட்டுவடை செட் இரண்டு,
நமுத்துப்போகாமலிருக்க
தட்டை தனி, பீட்ரூட் தனி, சட்னி தனியாகக் கட்டச் சொல்லி
இன்ஜின் பானெட் மேல் வைத்தேன்.
ஏதுன்னு கேட்கவில்லை. தின்றார்.
காரம் பத்தல, என்றார்.
ம், என்றேன்.

அப்புறம் நாலு தடவை முன்னே, பின்னே.
கீழே ஊரில் ஒரு துண்டு
திடீரென்று கரண்ட் போய் இருண்டது.
தாதகாப்பட்டியாக இருக்கலாம்.
போன் அடித்தது.
சாப்பிட்டாச்சா என்று அவளும் கேட்கவில்லை.
அவள் தீப்பெட்டி தேடும் சத்தத்தை
கேட்டுக்கொண்டிருந்தேன்.